ஆயிரம் கஜத்தில் புள்ளி கூட வேண்டுமா? பணத்தை எங்கே போடுவது

சென்ற மாதம் பிஸ்லி சுடுகளத்தில் சுட்டு முடித்துத் துப்பாக்கிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கிளப்பில் இரண்டு ஆண்டுகளாகச் சுடும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணா, இரண்டாயிரம் பவுண்டு சேர்த்து வைத்திருக்கிறேன். புதுக் குழல் போடட்டுமா? தோட்டாவை நானே நிரப்பிப் பழகட்டுமா? இல்லை, டெலஸ்கோப்புக்கே மாறிவிடட்டுமா?" என்று கேட்டார். 300 கஜத்தில் அவர் நன்றாகவே சுடுகிறார். ஆயிரம் கஜத்துக்குப் போனால் ஐம்பதுக்கு நாற்பதைத் தாண்டுவது அரிதாக இருக்கிறது. அது அவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

அன்று நின்றபடி நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அவரைப் போலவே ஆண்டுதோறும் பலர் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். கையில் ஓரளவு பணம், மனம் நிறைய ஆசை, கடையின் விலைப்பட்டியல் முழுக்கப் பளபளப்பான உலோகம். ஆகவே ஒவ்வொரு வழியையும் எடுத்து, அது எத்தனை அங்குலத்தைத் திருப்பித் தரும் என்று எழுதிப் பார்க்கிறேன்.

பிஸ்லி லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரேயில் இருக்கும் சுடுகளம். 1860-இல் விம்பிள்டனில் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஆண்டுப் போட்டி 1890-இல் இங்கே இடம் பெயர்ந்தது. இங்குள்ள ஸ்டிக்கிள்டவுன் களத்தில் 1,200 கஜம் வரை சுடலாம். நான் பேசப்போவது டார்கெட் ரைஃபிள் என்ற பிரிவைப் பற்றி. குப்புறப் படுத்து, இடது கையில் வார் கட்டி, துளை வழியாகப் பார்த்து, தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட வேண்டும். டெலஸ்கோப் கிடையாது, தாங்கியும் கிடையாது. பெரும்பாலோர் .308 வின்செஸ்டர் தோட்டாவில் 155 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ பத்து கிராம், எடையுள்ள குண்டு சுடுகிறார்கள்.

முதலில் அளவுகள். களத்தில் எல்லாரும் மினிட் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அது. நம் பழைய கணக்கில் கலை என்று சொன்னது இதைத்தான். நூறு கஜத்தில் அது ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம், ஆயிரம் கஜத்தில் பத்தரை அங்குலம். ஆயிரம் கஜ இலக்கில் ஐந்து புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு இரண்டு அடி. மையத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 12 அங்குலத்துக்குள் விழ வேண்டும். அதைத் தாண்டினால் ஒரு புள்ளி போயிற்று. ஒரு புள்ளிக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு 1930-ஆம் ஆண்டை நினைவூட்டுவேன். பிஸ்லியின் தலையாய போட்டியான மன்னர் பரிசை வென்ற முதல் பெண்ணான மார்ஜரி ஃபாஸ்டர் அதை வென்றது ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான்.

பிழைகள் கூடும் விதம்

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் முதல் மூன்று பருவங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

குண்டு குறி தவறுவதற்கு மூன்று பெரிய காரணங்கள். காற்றைத் தவறாகக் கணிப்பது ஒன்று. உடலும் கண்ணும் விரலும் செய்யும் பிழை இரண்டு. துப்பாக்கியும் தோட்டாவும் தாமாகவே சிதறுவது மூன்று. இவை ஒன்றையொன்று சாராதவை என்பதால் நேராகக் கூடுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போல, வர்க்கம் வர்க்கமாகக் கூடி, பிறகு வர்க்கமூலமாகச் சுருங்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருடைய காற்றுப் பிழை ஒன்றரை மினிட், உடல் பிழை ஒரு மினிட், துப்பாக்கி–தோட்டாவின் பிழை அரை மினிட் என்று வைத்துக்கொள்வோம். மூன்றின் வர்க்கங்களும் சேர்ந்தால் 3.5. மொத்தப் பிழை 1.87 மினிட். இப்போது அவர் பணத்தைக் கொட்டிச் சிதறலே இல்லாத துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கிவிட்டார் என்று கற்பனை செய்யுங்கள். உலகில் அப்படி ஒன்று இல்லை, இருந்தாலும் கணக்குக்காக. மொத்தப் பிழை 1.87-இலிருந்து 1.80-க்கு இறங்கும். அவ்வளவே. ஆயிரம் கஜத்தில் ஓர் அங்குலம்கூடத் தேறாது. அதே ஆள் துப்பாக்கியைத் தொடாமல் காற்றுப் பிழையை மட்டும் ஒன்றரையிலிருந்து ஒன்றாகக் குறைத்தால் மொத்தம் 1.5 மினிட்டுக்கு வந்துவிடும்.

எது பெரிய பிழையோ அதுதான் மொத்தத்தை ஆள்கிறது. சிறியதை எவ்வளவு செதுக்கினாலும் பலகையில் தெரியாது. ஆகவே "எது சிறந்த பொருள்" என்ற கேள்வியைத் தம்பி ஒத்திப்போட வேண்டும். "என் பிழைகளில் எது பெரியது" என்பது அதற்கு முந்திய கேள்வி. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு இல்லை.

பணம் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

300 கஜத்தில் உங்கள் பத்துக் குண்டுகள் எத்தனை மினிட்டுக்குள் விழுகின்றன, ஆயிரத்தில் எத்தனை மினிட்டுக்குள் விழுகின்றன என்று பழைய குறிப்பேடுகளிலிருந்து எடுத்து எழுதுங்கள். அங்குலமாக எழுதாதீர்கள், மினிட்டாக எழுதுங்கள். 300-லேயே சிதறினால் குற்றம் உடலிலோ துப்பாக்கியிலோ இருக்கிறது. 300-இல் ஒன்றரை மினிட்டாக இருந்தது ஆயிரத்தில் மூன்றரையாக விரிந்தால், இடையில் புகுந்தது காற்றும் தோட்டாவின் வேக ஏற்றத்தாழ்வும்தான்.

அந்த இரண்டையும் பிரிப்பது எளிது. தோட்டாவின் வேகம் மாறினால் குண்டு மேலும் கீழுமாகத் தவறும். காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் தள்ளும். குண்டு விழுந்த இடங்களைக் குறித்த ஆயிரம் கஜத் தாள்களில் பத்தை அடுக்கி வைத்துப் பாருங்கள். சிதறல் படுத்த முட்டையாக இருந்தால் காற்று. நின்ற முட்டையாக இருந்தால் தோட்டா, மூச்சு, பார்வை ஆகியவற்றில் ஒன்று.

இன்னொரு சோதனை இருக்கிறது. அதைச் செய்யக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். கிளப்பில் உங்களைவிட நன்றாகச் சுடுபவரிடம் உங்கள் ரைஃபிளையும் உங்கள் தோட்டாவையும் கொடுத்து, 300 கஜத்தில் பத்துச் சுடச் சொல்லுங்கள். அவர் ஒரு மினிட்டுக்குள் போட்டுவிட்டால் குழல் மாற்றும் பேச்சை இன்னும் ஓர் ஆண்டுக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாக, விசையை விட்ட கணத்தில் பார்வை எங்கே இருந்தது என்று, குண்டு விழுந்த இடத்தை அடையாளமிடக் கீழே இறக்கிய இலக்கு மீண்டும் மேலே எழும்புவதற்குள் குறித்து வையுங்கள். நீங்கள் குறித்த இடமும் குண்டு விழுந்த இடமும் ஒத்துப்போனால் பிழை உங்கள் உடலில். "நடுவில்தான் விட்டேன்" என்று உண்மையாகவே சொல்ல முடிந்து, குண்டு இடப்பக்கம் நாலு புள்ளியில் கிடந்தால், காற்று உங்களை ஏமாற்றியிருக்கிறது.

குழல்

நான் முதலில் பணம் போட்டது இதில்தான். ஆயிரம் கஜத்தில் தவறவிட்ட ஒவ்வொரு குண்டுக்கும் பழைய குழலைத்தான் குற்றம் சொன்னேன். புதுக் குழல் பொருத்தி, பொறுமையாகச் சுட்டுப் பழக்கி, 300 கஜத்தில் சிதறல் குறைந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். ஸ்டிக்கிள்டவுனில் அந்தப் பருவம் நான் எடுத்த சராசரி முந்திய பருவத்தைவிட மாறவே இல்லை. காரணம் மேலே சொன்ன கணக்கு.

நல்ல குழல் தேவையில்லை என்று சொல்லவில்லை. கடந்தே தீர வேண்டிய வாசல் ஒன்று உண்டு. ஆயிரம் கஜம் போய்ச் சேரும்போதும் குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்துகொண்டிருக்க வேண்டும். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,120 அடி. அந்த எல்லையைக் கடக்கும் இடத்தில் குண்டின் நிலைப்பு குலைகிறது, சிதறல் கணக்குக்குள் அடங்காமல் போகிறது. முப்பது அங்குலக் குழலிலிருந்து நொடிக்கு 2,950 அடி வேகத்தில் கிளம்பும் 155 கிரெய்ன் போட்டிக் குண்டு இந்த எல்லைக்கு மேலேயே இலக்கை அடைந்துவிடும். வேட்டைத் துப்பாக்கியின் 22, 24 அங்குலக் குழலில் ஓர் அங்குலத்துக்கு இருபது அடிக்கு மேல் வேகம் குறைந்துகொண்டே வரும். குளிர்காலக் காலையில் அது விளிம்பில் நிற்கும். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்ட ரைஃபிள் என்றால் முதல் பணம் அதற்குத்தான், மறுபேச்சு இல்லை.

மற்றது தேய்மானம். .308 குழல் பொதுவாக ஐயாயிரம் தோட்டா வரை நம்பிக்கையோடு சுடும். அதற்குமேல் குழலுக்குள் தோட்டா உட்காரும் இடத்தை அடுத்த பகுதி அரித்துப்போய், நல்ல குண்டுகளுக்கு நடுவே ஒன்று திடீரென்று தனியாகப் போய் விழும். தம்பியின் குழலில் இதுவரை ஆயிரத்தைந்நூறு தோட்டாகூடப் போகவில்லை. பிரிட்டனில் கூடுதல் குழல் வாங்குவதென்றால் உரிமத்தில் அதற்கும் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ரைஃபிளால் எவ்வளவு முடியும் என்பது பழைய கேள்வி. 1860-இல் விம்பிள்டன் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா ராணி, தாங்கியில் பூட்டிக் குறி வைத்திருந்த விட்வொர்த் ரைஃபிளின் விசையை ஒரு கயிற்றால் இழுத்தார். 400 கஜத்தில் குண்டு மையத்துக்கு ஓரிரு அங்குலத்துக்குள் விழுந்தது. அந்தத் துல்லியம் இரும்புக்கு அன்றே கைகூடியது.

கருவியைப் பற்றிய வாதத்துக்கு 1874 கிரீட்மோர் போட்டியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் அமெரிக்காவும் அயர்லாந்தும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜங்கள். அயர்லாந்துக்காரர்கள் கைதேர்ந்த ரிக்பி ரைஃபிள்களைக் குழல்வாய் வழியாக நிரப்பிச் சுட்டார்கள். அமெரிக்கர்களிடம் பின்புறம் நிரப்பும் புதிய ரெமிங்டனும் ஷார்ப்ஸும் இருந்தன. எந்த வகை சிறந்தது என்பதே அன்றைய பேச்சு. முடிவில் அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்தின் மில்னர் சுட்ட ஒரு குண்டு மையத்தில் விழுந்திருந்தது. ஆனால் அது பக்கத்து இலக்கின் மையம். நான்கு புள்ளி தர வேண்டியது பூஜ்யமானது. மூன்று புள்ளியில் தோற்றார்கள். ஸ்டிக்கிள்டவுனில் படுத்தவுடன் எண் பலகையை வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை நான் இன்றுவரை விடவில்லை.

தோட்டாவைத் தாமே நிரப்புவது

இதில் ஈர்ப்பு அதிகம். குளிர்கால இரவுகளில் மேசைமேல் தராசு வைத்து வெடிமருந்தை அளந்து நிரப்புவது மனதுக்கு இதமான வேலை. பலன் எவ்வளவு என்று பார்ப்போம்.

155 கிரெய்ன் குண்டின் வேகம் நொடிக்குப் பத்து அடி மாறினால் ஆயிரம் கஜத்தில் அது இரண்டரை அங்குலம் போல மேலோ கீழோ போகும். ஒரு பெட்டித் தோட்டாவில் வேகமானதற்கும் மெதுவானதற்கும் முப்பது அடி வித்தியாசம் இருந்தால் எட்டு அங்குலம். ஐந்து புள்ளி வட்டம் 24 அங்குலம் என்பதை மறக்காதீர்கள். கவனமாக நிரப்பினால் அந்த எட்டை நான்காக்கலாம். நல்ல லாபம்தான். ஆனால் அது நின்ற முட்டையைக் குறுக்கும் லாபம். தம்பியின் தாள்களில் நான் பார்த்தது படுத்த முட்டை.

இன்னொன்றும் உண்டு. பிஸ்லியின் பெரிய போட்டிகளில் டார்கெட் ரைஃபிள்காரர்களுக்குப் போட்டி நிர்வாகமே தோட்டா வழங்குவது நெடுங்கால மரபு. எல்லாருக்கும் ஒரே தோட்டா. அத்தகைய போட்டியில் மேசைமேல் செலவிட்ட இரவுகளுக்கு மதிப்பெண் இல்லை. நான் தோட்டா நிரப்பத் தொடங்கியது ஐந்தாம் ஆண்டில்தான். பயிற்சிக்குச் செலவு குறைந்தது என்பதற்காகத் தொடங்கினேன், அந்த வகையில் அது பயன்பட்டது. கற்றுக்கொள்வதானால் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும். தவறாக நிரப்பிய தோட்டா முகத்துக்கு முன்னால் வெடிக்கும் பொருள்.

சிறிய செலவு, பெரிய பலன்

பார்வைக் கருவிகளைப் பலர் கடைசியாக நினைக்கிறார்கள். எனக்கு அது வியப்பாகவே இருக்கிறது.

குழலின் நுனியில் இருக்கும் முன் சைட்டின் (குறி பார்க்கும் கருவி) குழாய்க்குள் பொருத்தும் நீர்மட்டக் குமிழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கஜம் சுடும்போது கண்ணருகே இருக்கும் பின் சைட்டை முப்பது மினிட்டுக்கும் மேல் உயர்த்தியிருப்போம். அந்த நிலையில் துப்பாக்கி ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்தாலும் குண்டு ஆறு அங்குலம் விலகும். ஒரு பாகைச் சாய்வைக் கண்ணால் உணரவே முடியாது, அதுவும் ஸ்டிக்கிள்டவுனைப் போல நிலம் சரிந்த இடத்தில். குமிழியின் விலை ஒரு நாள் சுடும் செலவை எட்டாது. இதற்கு இணையான பேரம் இந்த விளையாட்டில் வேறு இல்லை.

அடுத்தது முன் சைட்டுக்குள் இருக்கும் வளையத்தின் அளவு. கறுப்பு வட்டத்தை இறுக்கிப் பிடிக்கும் சிறிய வளையம் துல்லியம் தரும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கண் அப்படி வேலை செய்வதில்லை. கறுப்பைச் சுற்றிப் போதிய வெள்ளை தெரிந்தால்தான் அது நடுவில் இருக்கிறதா என்று கண்ணால் ஒப்பிட முடியும். வளையம் இறுகினால் கண் தயங்குகிறது, கண் தயங்கினால் விரலும் தயங்குகிறது. அளவு மாற்றக்கூடிய வளையம் ஒன்று வாங்கி, ஒரு சுற்று பெரிதாக வைத்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் கண் மருத்துவரிடம் போய், முன் சைட் தெளிவாகத் தெரியும்படி ஒரு லென்ஸ் எழுதி வாங்குவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். என் மேல்–கீழ்ச் சிதறலில் கணிசமான பகுதி அந்த ஒரு லென்ஸோடு போயிற்று.

உடல்

வாரை மேற்கையில் எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோம், இடது முழங்கை எங்கே ஊன்றுகிறது, கண்ணை மூடி மூச்சுவிட்டுத் திறந்தால் துப்பாக்கி தானாக எங்கே பார்க்கிறது. இந்த மூன்றையும் சரிசெய்ய ஒரு நல்ல பயிற்றுநரோடு இரண்டு நாள் போதும். வாரைத் தவறான இடத்தில் கட்டினால் நாடித் துடிப்பு ஒவ்வொன்றும் முன் வளையத்தில் தெரியும்.

எலக்ட்ரானிக் பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன. ஸ்காட் என்பது பெயர்பெற்ற ஒன்று. குழலில் மாட்டினால், விசை விடுமுன் பார்வை எப்படி அலைந்தது என்று கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டும். அருமையான கருவி. ஆனால் தம்பியின் கையிருப்பில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். கிளப்பில் ஒன்று இருந்தால் மாதம் ஒரு முறை கேட்டு வாங்கிப் பயன்படுத்தினால் போதும். மற்ற நாட்களில் வீட்டில், தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, துப்பாக்கியில் தோட்டா போடும் இடம் காலியாக இருக்கிறதா என்று இருமுறை பார்த்து, சுவரில் ஒட்டிய சிறு கறுப்புப் புள்ளியை நோக்கி வெறும் விசையை இழுத்துப் பழகலாம். நாளுக்குப் பதினைந்து நிமிடம். காசில்லை. அலுப்பாக இருக்கும், அதனால்தான் பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

காற்று

இனி, என் எண்ணத்தில் தம்பியின் பணமும் நேரமும் போக வேண்டிய இடம்.

குறுக்கே வீசும் காற்று மணிக்கு ஒரு மைல் மாறினால், 155 கிரெய்ன் குண்டு ஆயிரம் கஜத்தில் ஏறத்தாழ ஒன்பது அங்குலம் தள்ளிப்போகும். மையத்திலிருந்து நமக்கு இருக்கும் இடம் 12 அங்குலம். துப்பாக்கி துல்லியமாக இருந்து, உடல் கல்லாக இருந்து, தோட்டா அத்தனையும் ஒரே வேகத்தில் போனாலும், காற்றை ஒன்றரை மைல் தவறாகக் கணித்தால் ஐந்து போய் நாலு. கன்னத்தில் படும் காற்றில் மூன்று மைலுக்கும் நாலரை மைலுக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று அடுத்த முறை வெளியே போகும்போது சோதித்துப் பாருங்கள். இதில்தான் போட்டிகள் முடிவாகின்றன.

கற்க வேண்டியது நிறைய. காற்று எந்தக் கோணத்தில் வருகிறது என்பது முதலாவது. சுடும் கோட்டுக்கு முப்பது பாகையில் வரும் காற்று தன் வலுவில் பாதியைத்தான் குறுக்கே காட்டும். நேர் எதிரேயிருந்தோ நேர் பின்னாலிருந்தோ வரும் காற்றைப் புதியவர்கள் சுலபம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் அச்சம் தருவது. சற்றே திசை திரும்பினாலும் இடத்திலிருந்து வலத்துக்குத் தாவிவிடும். கொடிவால் இரு பக்கமும் மாறி மாறி ஆடினால் அங்கே அவசரப்படக் கூடாது.

கானலைப் படிப்பது அடுத்தது. வெயில் நாளில் தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்னால் குவியப்படுத்தினால் காற்று அலையலையாக ஓடுவது தெரியும். மெல்லிய காற்றில் அலைகள் சாய்ந்து ஏறும், வேகம் கூடக்கூடப் படுத்து ஓடும், காற்றே இல்லாதபோதும் சுடும் கோட்டோடு வீசும்போதும் கொதிநீர்போல நேராக மேலே குமுறும். கொடி அசைவதற்குள் கானல் மாறிவிடுகிறது, ஆகவே மெல்லிய காற்றில் கொடியைவிட அதை நம்பலாம். பலத்த காற்றில் எல்லா வேகத்துக்கும் அது ஒரே மாதிரிதான் படுத்து ஓடும், அப்போது கொடியிடம்தான் திரும்ப வேண்டும்.

மூன்றாவது, எந்தக் கொடியைப் பார்ப்பது. ஆயிரம் கஜத்துக்குப் போகும் குண்டு நடுவழியில் பார்வைக் கோட்டுக்குப் பத்து அடி மேலே பறக்கிறது. நாம் படுத்திருக்கும் புல்லில் அடிக்கும் காற்று அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. நம் பக்கத்தில் வாங்கிய விலகல் மீதித் தொலைவு முழுக்க வளர்ந்துகொண்டே போகும் என்பதால், இலக்கின் அருகே வீசும் காற்றைவிட நம் பக்கத்துக் காற்று குண்டை அதிகம் திருப்பும். இலக்குக்கு மேலே பறக்கும் கொடியையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் செலவு என்ன? முக்காலியோடு ஒரு நல்ல தொலைநோக்கி, படுத்தபடியே தலையைத் திருப்பாமல் பார்க்கும்படி அமைத்தது. ஒவ்வொரு குண்டுக்கும் காற்றுக்காக நாம் சைட்டில் வைத்த திருத்தம் எவ்வளவு, வைத்திருக்க வேண்டியது எவ்வளவு என்று இரண்டையும் கோடாக வரையும் தாள். பருவத்தில் கூடுதலாகப் பத்து நாள் ஆயிரம் கஜத்தில் படுப்பதற்கான கட்டணமும் தோட்டாவும். பணத்தில் பெரும்பகுதி இந்தக் கடைசி இனத்துக்குத்தான்.

செலவே இல்லாத இரண்டு வழிகளை இதோடு சேர்க்கிறேன். பிஸ்லியில் இருவரோ மூவரோ ஒரே இலக்கில் மாறி மாறிச் சுடுவோம். பக்கத்தில் படுத்திருப்பவர் சுடும்போது அவர் புள்ளியைக் குறித்துவிட்டுச் சும்மா இருக்கிறோம். அவர் நல்ல கை என்றால், அவருடைய குண்டு விழுந்த இடமே காற்றைப் பற்றிய செய்தி. அவர் விசை விட்ட கணத்தில் கொடி எப்படி இருந்தது என்று பார்த்து வைத்தால், ஒரு குண்டும் செலவழிக்காமல் ஒரு பாடம் கிடைத்துவிடும். மற்றது, அணிப் போட்டிகளில் சேர்வது. அங்கே காற்றைப் படித்துச் சொல்ல அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவர் சுடுபவருக்கு அருகே உட்கார்ந்திருப்பார். சுடுபவருக்குக் காற்றுக் கவலை இல்லை. உங்கள் முறை முடிந்ததும் அவர் அருகில் அமர்ந்து, அவர் எந்தக் கொடியைப் பார்க்கிறார், எப்போது சுடாமல் காத்திருக்கச் சொல்கிறார் என்று கவனியுங்கள். நான் கற்றதில் பாதி அப்படிக் கற்றது.

டெலஸ்கோப்புக்கு மாறுவது

எஃப் கிளாஸ் கனடாவில் பிறந்த பிரிவு. எஃப் என்ற எழுத்து அதைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபார்குவார்சனின் பெயரிலிருந்து வந்தது. டெலஸ்கோப் வைக்கலாம், துப்பாக்கியைத் தாங்கியில் நிறுத்தலாம். கண்ணும் தோளும் தளர்ந்தவர்களும் தொடர்ந்து சுட அது வழி செய்தது. அந்தக் காரணத்துக்காக மாறுபவர்களை முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆயிரம் கஜத்தில் புள்ளி வரவில்லை என்பதற்காக மாறினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எஃப் கிளாஸ் இலக்கில் ஐந்து புள்ளி வட்டம் ஒரு மினிட், அதாவது டார்கெட் ரைஃபிளில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. உடல் பிழை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது, காற்றோ அப்படியே இருக்கிறது. இப்போது அரை மைலுக்குச் சற்று மேல் தவறினாலே புள்ளி போகும். வர்க்கக் கணக்கில் தோட்டாவின் பங்கும் அங்கே பெரிதாகிவிடுகிறது, எனவே தாமே நிரப்பிய தோட்டாவும் சிறந்த குழலும் அங்கே கட்டாயம். இங்கே வீண் என்று நான் சொன்ன செலவு அங்கே முதல் செலவு. தம்பிக்கு வயது இருபத்தேழு, கண் தெளிவாக இருக்கிறது. எந்தப் பிழையால் புள்ளியை இழக்கிறாரோ, அதற்கு இன்னும் கடுமையான தண்டனை தரும் பிரிவுக்கு ஏன் போக வேண்டும்?

ஆகவே தம்பிக்கு

நீர்மட்டக் குமிழியும் அளவு மாறும் முன் வளையமும் இந்த வாரமே வாங்குங்கள். ஏற்கெனவே பயன்படுத்திய நல்ல தொலைநோக்கி ஒன்றைத் தேடுங்கள், கிளப் அறிவிப்புப் பலகையில் அவ்வப்போது வரும். பயிற்றுநரோடு இரண்டு நாளுக்கு ஒதுக்குங்கள். எஞ்சியதில் பெரும்பகுதியை ஆயிரம் கஜத் தோட்டாவுக்கும் களக் கட்டணத்துக்கும் வையுங்கள். ஐந்நூறு பவுண்டைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு நாளும் காற்றுக் கோட்டை வரைந்து வையுங்கள். செப்டம்பரில் அந்தத் தாள்களை எடுத்து வாருங்கள், இருவருமாக மேசைமேல் பரப்பிப் பார்ப்போம். படுத்த முட்டை சுருங்கி நின்ற முட்டையாகத் தெரிந்தால், அந்த ஐந்நூறைத் தோட்டா நிரப்பும் சாமான்களுக்குக் கொடுக்கலாம். நானே உட்கார்ந்து கற்றுத் தருகிறேன்.